கந்தக வாயுவை எங்கே அளப்பது?

கேரளத்தில் நிலக்கரி அனல்மின் நிலையம் இல்லை. ஆகவே புகைபோக்கி வாயுவிலிருந்து கந்தகத்தை நீக்குவது அண்டை மாநிலத்தார் கவலை என்று பாலக்காட்டிலும் இடுக்கியிலும் எண்ணத் தோன்றும். அது பிழை.

கந்தக, நைட்ரஜன் ஆக்சைடுகளுக்கு 2015 டிசம்பரில் ஒன்றிய அரசு வரம்பு விதித்தது. காலக்கெடு பலமுறை நீண்டு, 2025 ஜூலையில் பெரும்பாலான நிலையங்கள் கந்தக டை ஆக்சைடு வரம்பிலிருந்து விலக்குப் பெற்றன. பெருநகரங்களிலிருந்தும் மாசு மிகுந்த பகுதிகளிலிருந்தும் 10 கிலோமீட்டர் தொலைவு என்பதே அளவுகோல். நம் நிலக்கரியில் கந்தகம் குறைவு. நிலையங்களைச் சூழ்ந்த காற்றில் அவ்வாயுவும் குறைவு என்பது வாதம். இரண்டும் பொய்யல்ல. ஆனால் அவ்வாயு வாயுவாகவே நிலைப்பதில்லை. சில மணி முதல் சில நாள்களுக்குள் சல்பேட் நுண்துகளாக மாறி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணிக்கிறது. 1,440 மெகாவாட் மேட்டூர் நிலையத்துக்கும் பாலக்காட்டுக்கும் நேர்கோட்டில் ஏறத்தாழ 170 கிலோமீட்டர்தான். குளிர்காலக் கீழைக்காற்றுக்கோ பாலக்காட்டுக் கணவாய் திறந்த வாசல்.

சுண்ணாம்புக்கல் கரைசலால் வாயுவைக் கழுவும் முறைக்குப் பெருஞ்செலவும் நீரும் தேவை. கரியமில வாயுவும் சிறிது வெளிப்படும். இந்த மறுப்பு பொருட்படுத்தத்தக்கதே. எனவே, முடிவுக்குமுன் சரியானதை அளப்போம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வாளையாற்றிலும் போடிமெட்டிலும் நுண்துகள்களிலுள்ள சல்பேட்டையும் நைட்ரேட்டையும் நம் பல்கலைக்கழகங்கள் தொடர்ந்து அளக்கட்டும். குறைவெனில் விலக்கை ஏற்போம். மிகுதியெனில் 10 கிலோமீட்டர் விதியைத் திருத்தக் கோருவோம்.