பாறையில் ஒரு சிலேடை

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அணியிலக்கணம் என்றால் தேர்வுக்கு முதல்நாள் உருப்போடும் வரையறைதான். செங்கல்பட்டு மாவட்டத்துப் பிள்ளைகளுக்காவது அந்தக் கொடுமை வேண்டாம். பேருந்தில் ஏற்றி, மாமல்லபுரத்துப் புடைப்புச் சிற்பத்தின் முன் நிறுத்துங்கள். அர்ச்சுனன் தபசா, கங்கையைக் கொணர்ந்த பகீரதன் தவமா என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். இரண்டும்தான், சிற்பி வேண்டுமென்றே இருபொருள் வைத்தான் என்போரும் உண்டு. என் ஓட்டு அவர்களுக்கே. சிலேடைக்கு இதைவிடப் பெரிய எடுத்துக்காட்டு எந்தப் பாடநூலில் இருக்கிறது? கீழே எலிகள் சூழ, முன்னங்கால்களைத் தூக்கித் தவம் செய்யும் பூனையைக் காட்டினால் அங்கதமும் விளங்கிவிடும். அணியிலக்கண நூலான தண்டியலங்காரத்துக்கு மூலமான காவியாதர்சத்தை எழுதிய தண்டி, பல்லவர் காலத்துக் காஞ்சிக்காரர். இதே கடற்கரையில், கை உடைந்த திருமால் சிலையைச் சிற்பி ஒருவர் சீர்செய்ததைத் தண்டி பார்க்க வந்த கதை அவரது அவந்திசுந்தரியில் இருக்கிறது. அந்தாதிக்கும் ஊரைத் தாண்ட வேண்டாம்: நூறு வெண்பாக்களை முடிவும் தொடக்கமுமாகக் கோத்து இரண்டாம் திருவந்தாதி பாடிய பூதத்தாழ்வார் கடல்மல்லை எனப்பட்ட இதே ஊர்க்காரர். சிற்பமோ தெருவோரத்திலேயே நிற்கிறது. பார்க்க டிக்கெட்கூடக் கிடையாது.