பொருந்தாது என்றால் சுழியமா?

"தோல் நோயால் விளையாட்டில் ஈடுபடச் சிரமப்பட்டீர்களா?" தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே உள்ள அருந்ததியர் குடியிருப்பு ஒன்றில், தூய்மைப் பணி செய்யும் அக்கா ஒருவரிடம் இதைக் கேட்டேன். சிரித்துவிட்டார். "எங்களுக்கு என்ன தம்பி விளையாட்டு? சீசன் வந்தா அருவிக்கரைக் குப்பைய அள்ளவே பொழுது பத்தாதுல்லா." 'பொருந்தாது' என்ற கட்டத்தில் குறியிட்டேன்.

என் கையில் இருந்தது, 1994இல் பிரிட்டனின் கார்டிஃப் நகரிலிருந்து ஃபின்லே, கான் ஆகியோர் வெளியிட்ட தோல்நோயாளர் வாழ்க்கைத்தரப் படிவம். கடந்த ஒரு வாரத்தைப் பற்றி 10 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 மதிப்பெண். கூட்டுத்தொகை 10ஐத் தாண்டினால் நோய் வாழ்க்கையைக் கடுமையாகப் பாதிக்கிறது என்று பொருள். சொரியாசிஸுக்கு விலையுயர்ந்த மருந்தை யாருக்குத் தருவது என்று முடிவு செய்யவும் இந்த எண்ணைப் பார்க்கிறார்கள். இந்தப் படிவத்தில் 'பொருந்தாது' என்பதற்கும் 'பாதிப்பே இல்லை' என்பதற்கும் ஒரே மதிப்பெண்தான்: 0.

நோய் வேலைக்குப் போகவிடாமல் தடுத்ததா? அக்காவின் கை முழுக்க வெடிப்பு. "லீவு போட்டா கூலி போயிரும். போவாம எப்படி?" 'இல்லை' என்று குறித்தேன். 'ஆம்' என்றிருந்தால் கிடைத்திருக்கும் 3 போயிற்று. தோலால் மற்றவர் முன் கூச்சப்பட்டீர்களா? "புண்ணு வாரதுக்கு முன்னாடியே எங்களத் தள்ளித்தான நிக்கச் சொல்லுவாக? அது புண்ணால இல்லையே தம்பி." மறுபடியும் 0.

கூட்டிப் பார்த்தேன்: 8. 'மிதமான பாதிப்பு.' இந்த எண்ணை மட்டும் பார்ப்பவர், சாதி ஏற்கெனவே பறித்துக்கொண்டதையெல்லாம் நோய் தொடாதது என்றே வாசிப்பார்.

இதைக் கண்டுபிடிக்கத்தான் முன்சோதனை இருக்கிறது. மொழிபெயர்த்த கேள்வியை நோயாளிகள் சிலரிடம் படித்துக்காட்டி, என்ன புரிந்தது, ஏன் அந்தப் பதில் என்று கேட்கிறோம். 5 முதல் 8 பேர் போதும் என்பது வழக்கம். அந்தச் சிலர் யார்? நானும் முதலில் நகர மருத்துவமனையில், எழுதப் படிக்கத் தெரிந்தவர்களிடம்தான் கேட்டேன். எந்தக் கேள்வியிலும் சிக்கல் இல்லை என்று எழுதியும் வைத்தேன். சொற்கள் புரிந்தன, அவ்வளவுதான். அவை யாருடைய வாழ்க்கையை அளவுகோலாக வைத்திருக்கின்றன என்பது அங்கே தெரியவில்லை.

'பொருந்தாது' என்ற கேள்விகளை ஒதுக்கிவிட்டு மதிப்பெண்ணைத் திருத்தும் முறையை 2018இல் ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். நல்லது. அது விளையாட்டுக் கேள்வியைச் சரிசெய்யும், "போவாம எப்படி?" என்பதைச் சரிசெய்யாது.

எனவே, தூய்மைப் பணியாளர், பீடி சுற்றுவோர், செங்கல் சூளைத் தொழிலாளர் இல்லாத முன்சோதனையை முடிந்ததாக ஏற்கக் கூடாது. கேட்கப்பட்டவர்களின் சாதியும் தொழிலும் ஆய்வறிக்கையில் இடம்பெற வேண்டும். 'பொருந்தாது', 'இல்லை' என்று வரும் இடங்களில் காரணத்தை அவர்கள் சொன்னபடியே எழுத வேண்டும்.

அந்த அக்காவின் தாளில் 8க்குக் கீழே அவர் சொன்னவற்றை எழுதியிருக்கிறேன். ஆய்வேட்டிலும் எண்ணும் சொல்லும் சேர்ந்தே போகும்.