கருத்தாய்வுச் சோதனையில் மொழிநடை

மக்கள் கருத்தை அளக்கும் சோதனையில் மொழிநடையும் ஒரு காரணியாகும். எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்டோர் 2009இல் வெளியிட்ட மேற்கு வங்க ஆய்வில், ஊராட்சித் தலைவரின் உரையொன்று சிலருக்கு ஆண்குரலிலும் சிலருக்குப் பெண்குரலிலும் கேட்பிக்கப்பட்டது. தலைவர் பதவி மகளிர்க்கு ஒருபோதும் ஒதுக்கப்படாத ஊர்களில் ஆண்கள் பெண்குரலைக் குறைத்து மதிப்பிட்டனர். ஒதுக்கப்பட்ட ஊர்களில் அவ்வேறுபாடு பெரிதும் மறைந்தது.

உள்ளாட்சியில் மகளிர்க்கு 50 விழுக்காடு ஒதுக்கீடுள்ள தமிழகத்தில், கடம்பத்தூர் ஒன்றியத்தில் இதனை நிகழ்த்துவதாகக் கொள்வோம். மேடைத்தமிழ் ஆண்குரலில் ஒரு மதிப்பும் பெண்குரலில் வேறு மதிப்பும் பெறக்கூடும், பேச்சுவழக்கும் அவ்வாறே. ஒரு நடையில் மட்டும் சோதித்தால், குறைமதிப்புக்குக் காரணம் பேசுபவர் பெண் என்பதா, அவர் கையாண்ட நடையா என்பது தெளியாது. எனவே இரு குரல், இரு நடை என நான்கு வடிவங்கள் வேண்டும். பொருள் மாறாது நடைமட்டும் மாறும் அவ்வுரையை ஆக்குதல் தமிழாய்வாளர் கடன். அதனை ஆங்கில வினாநிரலின் மொழிபெயர்ப்புக்கு விட்டுவிடலாகாது.