ஸ்டியரிங் கல்லாயிடுச்சா? சாவியில கை வைக்காதீங்க பாஸ்!

போன வாரம் டயர் காத்து பத்திப் பேசினோம். இந்த வாரம் அந்த டயரைத் திருப்புற ஆசாமியைப் பார்ப்போம்.

செமஸ்டர் லீவு விட்டா நம்ம ஏரியாவுல ஒரு காட்சி கட்டாயம் உண்டு. நாலு பேர் பெட்ரோலுக்குக் காசு போடுவாங்க. யாரோ ஒருத்தனோட மாமா வீட்டுல பதினஞ்சு, இருபது வருஷமா ஓடிக்கிட்டிருக்கிற சான்ட்ரோவோ இண்டிகாவோ வெளியே வரும். அடுத்த ஸ்டாப் ஏலகிரி! வேலூர், ஆம்பூர் பக்கத்துக் கும்பல் வாணியம்பாடி வழியா வரும். பெங்களூரு பக்கத்துக் கும்பல் நாட்றம்பள்ளிகிட்ட ஹைவேயை விட்டு இறங்கி, மலையடிவாரத்துல இருக்கிற பொன்னேரியைப் பிடிக்கும். அதுக்கு மேல 14 கொண்டை ஊசி வளைவு.

இப்ப டிரைவர் ஸீட்ல நீங்க இருக்கீங்க. பர்கூர் தாண்டி ஹைவேயில எண்பதுல வர்றீங்க. பானட்டுக்குள்ள பவர் ஸ்டியரிங் பம்ப்பைச் சுத்துற பெல்ட் அறுந்துடுது. உங்களுக்கு என்ன தெரியும்? கிட்டத்தட்ட ஒண்ணுமே தெரியாது. வேகமா உருள்ற டயர் லேசாத்தான் திரும்பும். நேர் ரோட்டுல அது எவ்வளவு திரும்பணும்? அரை இன்ச், ஒரு இன்ச். பாட்டு ஓடுது, பின் ஸீட்ல முறுக்கு ஓடுது.

நாட்றம்பள்ளியில சர்வீஸ் ரோட்டுக்கு இறங்கி, வேகம் இருபதுக்கு வந்து, திருப்பத்துல ஸ்டியரிங்கை ஒடிக்கும்போதுதான் விஷயம் புரியும். சக்கரம் கல்லு மாதிரி நிக்கும். எதிர்ல டவுன் பஸ். அந்த ஒரு செகண்டுல மனசு என்ன சொல்லும்? “ஸ்டியரிங் லாக் ஆயிடுச்சு!”

ஆகலை பாஸ். இந்த வாரப் பக்கம் முழுக்க இந்த ஒரு வார்த்தைக்காகத்தான். போனது உதவி மட்டும்தான், ஸ்டியரிங் போகலை.

ஆட்டோமொபைல் லேப்ல அறுத்து வெச்ச ஸ்டியரிங் மாடலைப் பார்த்தா இது சட்டுனு விளங்கும். உங்க கையில இருக்கிற சக்கரத்துலேர்ந்து ஒரு தண்டு கீழே இறங்குது. அதோட நுனியில பினியன்னு ஒரு பல்சக்கரம். அது ரேக்குங்கிற பல்லு வெச்ச கம்பியை இடமும் வலமும் தள்ளுது. அந்தக் கம்பிதான் டயரைத் திருப்புது. இரும்போட இரும்பு நேரடியா சேர்ந்திருக்கு, நடுவுல எங்கேயும் விட்டுப் போகலை. பவர் ஸ்டியரிங்குங்கிறது இதுக்குப் பக்கத்துல நின்னு தோள் கொடுக்குற ஆள். ஹைட்ராலிக்னா, இன்ஜின் பெல்ட்டால சுத்துற பம்ப் ஆயிலை அழுத்தித் தள்ளும். எலெக்ட்ரிக்னா, பேட்டரி கரன்ட்ல ஒரு மோட்டார் தள்ளும். தோள் கொடுத்தவன் ஓடிப் போனாலும் கம்பி இருந்த இடத்துலயேதான் இருக்கு.

இந்த ‘தோள் கொடுக்கிற’ ஐடியாவே லாரியிலேர்ந்து வந்ததுதான். அமெரிக்காவுல பியர்ஸ் ஆரோ கம்பெனியோட லாரிப் பிரிவுல சீஃப் இன்ஜினீயரா இருந்தவர் ஃபிரான்சிஸ் டேவிஸ். லாரி டிரைவருங்க கை படுற பாட்டைப் பார்த்துட்டு 1926-ல ஹைட்ராலிக் பவர் ஸ்டியரிங்கை ஓட்டிக் காட்டினார். அது கடைக்கு வர்ற காருக்குள்ள நுழைய 25 வருஷம் ஆச்சு. 1951-ல கிரைஸ்லர் இம்பீரியல். (நம்ம ப்ராஜெக்ட்டுக்கு கைடு சைன் போட மூணு வாரம் ஆச்சுன்னு புலம்புறோமே!)

“எங்க தாத்தா அம்பாசடரை பவரே இல்லாம ஓட்டலையா?”ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்விதான். ஆனா பவர் இல்லாத வண்டியில ஸ்டியரிங்கை நிறைய சுத்து சுத்தணும், ஒவ்வொரு சுத்தும் லேசா இருக்கிற மாதிரி பல் அமைச்சிருப்பாங்க. பவர் இருக்கிற வண்டியில உதவி இருக்குங்கிற தைரியத்துல சுத்தைக் குறைச்சிருப்பாங்க. அதனால பவர் செத்த சான்ட்ரோ, பவரே இல்லாத மாருதி 800-ஐ விட அதிகமா கனக்கும். கியர் சைக்கிள்ல டாப் கியர்லயே மாட்டிக்கிட்டு மேம்பாலம் ஏறுற கதைதான்.

சரி, நடுரோட்டுல இது நடந்தா? ரெண்டு கையாலயும் ஒன்பது மணி, மூணு மணி இடத்துல பிடிச்சு, கூச்சமே படாம பலத்தைப் போட்டு இழுங்க. திரும்பும். பிரேக்கை அலறி மிதிக்காதீங்க. இங்கேதான் சூட்சுமம் இருக்கு. வேகம் குறையக் குறைய ஸ்டியரிங் இன்னும் கனக்கும். அதனால வண்டி உருண்டுக்கிட்டிருக்கும்போதே இடது ஓரத்துக்கு வந்துடணும், வந்த பிறகுதான் நிறுத்தணும். நட்டநடு லேன்ல நிறுத்திட்டு அப்புறமா ஓரங்கட்டலாம்னு நினைச்சா, நாலு பேர் இறங்கித் தள்ள வேண்டியதுதான். இண்டிகேட்டர் போட்டு, வளைவே தேவைப்படாத ஒரு நேர் இடமாப் பார்த்து நிறுத்துங்க.

என்ன ஆனாலும் ஓடுற வண்டியில சாவியை ஆஃப் பண்ணக்கூடாது. ஆஃப் பண்ணிட்டா பிரேக்குக்குத் தோள் கொடுக்கிற வாக்குவமும் போச்சு. மிச்சம் இருக்கிறது ரெண்டு, மூணு மிதிக்குத்தான் வரும், அப்புறம் பிரேக்கும் கல்லு. பதட்டத்துல சாவியை முழுசாப் பின்னால திருப்பி உருவிட்டீங்கன்னா, திருட்டுக்காக வெச்ச பூட்டு விழுந்து ஸ்டியரிங் அப்பதான் நிஜமாவே லாக் ஆகும்.

“ஓடுற வண்டியில எவன் சாவியை ஆஃப் பண்ணுவான்?”னு சிரிக்காதீங்க. ஜெனரல் மோட்டார்ஸ் கார்கள்ல அது தானாவே நடந்துச்சு. ஷெவர்லே கோபால்ட் மாதிரி சில மாடல்கள்ல சாவி ஸ்விட்ச்சுக்குள்ள இருந்த ஒரு குட்டி ஸ்பிரிங் போதுமான இறுக்கத்தோட இல்லை. சாவிக்கொத்து கனமா இருந்தாலோ, முழங்கால் பட்டாலோ, குழியில குலுங்கினாலோ சாவி ‘ஆன்’லேர்ந்து நழுவிடும். இன்ஜின் நிக்கும், பவர் ஸ்டியரிங்கும் பவர் பிரேக்கும் போகும், மோதினா ஏர்பேக்கும் விரியாது. 2014-ல 26 லட்சம் காரைத் திரும்பக் கூப்பிட்டாங்க. நஷ்டஈட்டு நிதி ஒத்துக்கிட்ட சாவு மட்டும் 124.

நம்ம மாதிரி இன்ஜினீயரிங் ஆளுங்க தூக்கத்தைக் கெடுக்க வேண்டிய பகுதி இனிமேதான். 2006-லயே ஸ்விட்ச்சோட டிசைனை மாத்திட்டாங்க. ஆனா பார்ட் நம்பரை மாத்தலை! பழசும் புதுசும் ஒரே நம்பர். அதனால கோளாறு எந்தக் கார்ல இருக்கு, எதுல இல்லைன்னு பல வருஷம் பிடிபடலை. ஒரு விபத்து வழக்குக்காகப் பழைய ஸ்விட்ச்சையும் புது ஸ்விட்ச்சையும் பக்கத்துல வெச்சுப் பிரிச்சுப் பார்த்தப்பதான் குட்டு உடைஞ்சுது. மெஷின் டிராயிங் கிளாஸ்ல ‘ரிவிஷன் நம்பர்’ கட்டத்தை காலியா விடுற மக்கள் கவனிக்க.

அங்கே ஸ்பிரிங் செஞ்ச வேலையை நம்ம ஏலகிரி இறக்கத்துல சிலர் கையாலயே செய்யறாங்க! நியூட்ரல் போட்டு, இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு, “சும்மா உருண்டு போகலாம் மச்சி, பெட்ரோல் மிச்சம்”னு. கொண்டை ஊசி வளைவுல ஸ்டியரிங் உதவி இல்லை, பிரேக் உதவி இல்லை, இன்ஜினோட இழுவையும் இல்லை. மிச்சமாவது ஆகுதான்னா அதுவும் கிடையாது. ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில கியர்ல போட்டு ஆக்ஸிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தாலே, இறக்கத்துல கன்ட்ரோல் யூனிட் பெட்ரோலை நிறுத்திடும். ஏறின கியர்லயே இறங்குங்க, சாவி ஆன்லயே இருக்கட்டும்.

ஓரமா நிறுத்தியாச்சு. பானட்டைத் திறங்க. நம்ம தோல் ஊர்ப் பசங்களுக்கு பெல்ட் பத்திச் சொல்லவே வேணாம். தோல் பதனிடுற டிரம்மோட பெல்ட் வழுக்கினா கிறீச்சுங்கிறது காதுக்குப் பழக்கம். கார் பெல்ட்டும் தளர்ந்தா அதே கத்தல்தான், முழுசாத் திருப்பும்போது இன்னும் பலமா. ஸ்டியரிங் கனக்குறதோட பேட்டரி லைட்டும் சேர்ந்து எரியுதுன்னா பெல்ட்டே அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். பல வண்டியில அதே பெல்ட்தான் தண்ணி பம்ப்பையும் சுத்தும். மேல ஓட்டினா இன்ஜின் வெந்துடும். அங்கேயே நிறுத்தி மெக்கானிக் அண்ணனைக் கூப்பிடுங்க.

பெல்ட் சரியா இருந்தா ஆயில் டப்பாவைப் பாருங்க. குறைஞ்சிருந்தா எங்கேயோ ஒழுகுது. கம்பெனி சொன்ன ஆயிலைத்தான் ஊத்தணும். ‘ரெண்டும் ஆயில்தானே’ன்னு பிரேக் ஆயிலை ஊத்தினா உள்ளே இருக்கிற ரப்பர் சீல் எல்லாம் ஊதிப் பாழாயிடும். எலெக்ட்ரிக் வகைன்னா ஆயிலே கிடையாது. ஃப்யூஸ், பேட்டரி முனை, எர்த் வயர் பூத்திருக்கான்னு பாருங்க. ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினா சில சமயம் உயிர் வரும். வந்துடுச்சேன்னு நம்பி மலை ஏறாதீங்க. சமதளத்துல மெதுவா ஒர்க் ஷாப் வரைக்கும் போறது வேற, 14 வளைவு வேற. அப்புறம், எதையும் பிரிக்கிறதுக்கு முன்னாடி முன் டயர் ரெண்டுலயும் காத்து பாருங்க. பாதிப் பேர் புகார் அங்கேயே முடிஞ்சுடும்!

டூர் கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு பயிற்சி. காலியான சமமான கிரவுண்ட், இன்ஜின் ஆஃப், சாவி மட்டும் ஆன். மூணு பேர் பின்னால நடந்துக்கிட்டே தள்ளட்டும், நீங்க ஹேண்ட் பிரேக் பக்கத்துல ஒரு கையை ரெடியா வெச்சுக்கிட்டுத் திருப்பிப் பாருங்க. எவ்வளவு பலம் வேணும்னு கைக்குத் தெரிஞ்சுடும். ஓட்டப் போற எல்லாரும் ஒரு ரவுண்டு.

செகண்ட் ஹேண்ட்ல வாங்கப் போறவங்களுக்கு ஒரு கடைசி டிப்ஸ். ஹைட்ராலிக் வண்டியில ஸ்டியரிங்கை லேசா ஒரு பக்கம் இழுத்துப் பிடிச்சுக்கிட்டே ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்க. இன்ஜின் உயிர் பெத்ததும் அது கையில இளகணும். எலெக்ட்ரிக்னா, சாவி போட்டதும் ஸ்டியரிங் லைட் எரிஞ்சு, ஸ்டார்ட் ஆனதும் அணையணும். லைட் எரியவே இல்லைன்னா சந்தோஷப்படாதீங்க. யாரோ பல்பைக் கழட்டியிருக்கலாம். “இது ஏன் எரியலை?”ன்னு புரோக்கரைக் கேட்டுட்டு, அவர் முகத்தை மட்டும் கவனிங்க.