பனிமூட்டத்துக்கு எதற்கு வயலின்?

முதலில் ஒரு ட்ரோன் ஷாட். பைன் மரங்களுக்கு மேல் பனி நகர்கிறது. அடியில் சிந்த் சத்தம் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்குகிறது. இருபதாவது விநாடியில் பியானோ வரும், நாலே ஸ்வரம். நாற்பதாவது விநாடியில் செல்லோ. ஒரு நிமிடம் கழித்து யாரோ கிசுகிசுப்பாக ஒரு நவீன கவிதையை வாசிக்க ஆரம்பிப்பார்கள். கடைசியில் வயலின்கள் மொத்தமாக எழுந்து அடங்கும். தலைப்பில் கட்டாயம் ‘மௌனம்’ இருக்கும். கீழே வரிசையாகக் கண்ணீர் எமோஜி.

நியோ கிளாசிக்கல், சினிமாட்டிக், ஸ்போக்கன் பொயட்ரி என்று பல பெயர்களில் வரும் இந்த வகையை நான் கொஞ்ச காலமாக விடாமல் கேட்டு வருகிறேன். நண்பர்கள் அனுப்புகிறார்கள். சிலதில் அவர்களுடைய கவிதைகளே இருக்கின்றன. கொடைக்கானல் வராத ஒன்றைத் தேடிப் பிடிப்பதுதான் கஷ்டம். என் புகார் இதுதான்: இந்த இசை கவிதையைக் காதில் வாங்குவதில்லை. முதல் சொல் வருமுன்பே நமக்கு என்ன தோன்ற வேண்டும் என்று அது முடிவு செய்துவிடுகிறது. கவிதைக்குப் பதில் ஒரு மளிகைச் சீட்டை அதே குரலில் வாசித்துப் பாருங்கள். எமோஜி குறையாது.

போன வருஷம் வத்தலக்குண்டிலிருந்து காரில் மலையேறும்போது நண்பன் இப்படி ஒன்றைப் போட்டான். இரண்டு மூன்று கொண்டையூசி வளைவு தாண்டியதும் டிரைவர் அண்ணன் திரும்பி, “தம்பி, பாட்டு எப்பப்பா ஆரம்பிக்கும்?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அதுதான் சரியான விமர்சனமாகப் பட்டது. எதுவோ வரப்போகிறது என்ற பாவனை மட்டும் ஏழு நிமிடம் ஓடிக்கொண்டிருந்தது.

அப்போ ஆர்க்கெஸ்ட்ராவும் வேண்டாம், எலெக்ட்ரானிக்கும் வேண்டாம்னு சொல்றியா? இல்லை. இந்த வகையின் முன்னோடிகளைக் கேளுங்கள். மாக்ஸ் ரிக்டரின் ‘தி ப்ளூ நோட்புக்ஸ்’ 2004-இல் வந்தது. டில்டா ஸ்விண்டன் காஃப்காவின் குறிப்பேடுகளிலிருந்து வாசிக்கிறார். கூடவே தட்டச்சு இயந்திரம் ஓடுகிறது. அந்தக் குரலில் அழுகை கிடையாது, கிசுகிசுப்பு கிடையாது. ஒரு குறிப்பை வாசிப்பதுபோல் நிதானமாக வாசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. ஈராக் போருக்கான எதிர்ப்பாகவே அதை உருவாக்கினேன் என்று ரிக்டர் சொல்லியிருக்கிறார். நில்ஸ் ஃப்ராமின் ‘ஃபெல்ட்’ 2011. ராத்திரியில் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு வேண்டாமென்று அவர் பியானோவின் கம்பிக்கும் சுத்தியலுக்கும் நடுவே கம்பளித் துணி வைத்து, மைக்கை மிக அருகே கொண்டுபோனார். அந்த மங்கலான சத்தம் ஒரு வீட்டின் நெருக்கடியில் பிறந்தது. இன்றைக்கு அது மென்பொருளில் ஒரு பொத்தான். போரும் போய்விட்டது, பக்கத்து வீட்டுக்காரரும் போய்விட்டார். மிஞ்சியது சோகம் மட்டும்.

இதற்காக லண்டனுக்கும் பெர்லினுக்கும் போக வேண்டியதே இல்லை. பேச்சையும் ஆர்க்கெஸ்ட்ராவையும் சேர்த்த நம்முடைய மிகச் சிறந்த பாட்டு ஒன்று இதே கொடைக்கானலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘குணா’வின் கடிதப் பாட்டு. 1991, இளையராஜா இசை, வாலி வரிகள், கமல்ஹாசனும் எஸ்.ஜானகியும். காதல் கடிதம் எழுதத் தெரியாத ஒருவன் சொல்லச் சொல்ல, அவள் அதைப் பாட்டாக்குகிறாள். அவன் பேச்சு வெறும் பேச்சு: தடுமாறுகிறது, நலம் விசாரிக்கிறது, நடுவில் வேறெங்கோ போகிறது, மெட்டுக்குள் உட்கார மறுக்கிறது. அதே செய்தி அவள் வாயில் மெட்டாகிறது. இசை இங்கே பேச்சுக்காகக் காத்திருக்கிறது. ஒரு சாதாரண வாக்கியம் எந்த இடத்தில் பாட்டாக மாறுகிறது என்பதை நம் காது முன்னாலேயே நடத்திக் காட்டுகிறது.

சொல் தெளிவாக நின்றதால்தான் அந்தப் பாட்டு வேறு இடத்துக்கும் போக முடிந்தது. 2006-இல் குணா குகையின் பள்ளத்தில் விழுந்த நண்பனை மீட்ட கேரள இளைஞர்களின் கதையை 2024-இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ எடுத்தபோது, மீட்பின் உச்சத்தில் வந்தது இதே கடிதப் பாட்டு. காதலிக்குச் சொன்னது நண்பனுக்கும் பொருந்தியது. மலையாளத் தியேட்டர்களில் தமிழ் வார்த்தைக்குக் கைதட்டினார்கள். நம் ‘மௌன’ வகையறாவில் எதையாவது இப்படி எடுத்து இன்னொரு கதையில் வைக்க முடியுமா? வைக்கலாம், விளம்பரத்தில்.

இது சினிமா கண்டுபிடித்ததும் இல்லை. வில்லுப்பாட்டில் அண்ணாவி கதையைப் பேசுவார், பேச்சு சூடேறிப் பாட்டாகும், பக்கத்தில் இருப்பவர் ‘ஆமா’ போடுவார். கதையை மீறி வில் ஒலிக்காது. இந்த மலையின் அடிவாரத்துப் பழனி முருகனை அருணகிரிநாதர் பாடிய திருப்புகழில் சந்தம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. சும்மா வாசித்தாலே தாளம் கேட்கும். கவிதையைச் சத்தமாகச் சொல்ல நமக்கு இத்தனை வழி இருக்கும்போது, கிசுகிசுப்பு ஒன்றுதான் ஆழம் என்று யார் முடிவு செய்தது?

அழகு சம்பந்தப்பட்ட சண்டை மட்டும் என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். கொடைக்கானலில் ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை இருந்தது. 1980-களில் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டது, பிறகு ஹிந்துஸ்தான் லீவர் கைக்கு வந்தது. பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி ஊருக்குள் பழைய இரும்புக் கடையில் கிடந்தது வெளியே தெரிந்ததும் 2001-இல் மூடப்பட்டது. தொழிலாளர்களின் உடல்நலத்துக்குப் பாதிப்பில்லை என்றே நிறுவனம் சொல்லிவந்தது. 2015-இல் சோஃபியா அஷ்ரஃப் ஒரு ராப் பாட்டு வெளியிட்டார். நிக்கி மினாஜின் பாட்டிலிருந்து எடுத்த மெட்டு. இசை இரவல், சொல் சொந்தம். உலகம் முழுக்கப் பரவியது. 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வந்தது. பல வருடப் போராட்டம் அது, ஒரு பாட்டால் மட்டும் நடந்ததில்லை. ஆனால் கவனத்தைத் திருப்பியதில் அந்தப் பாட்டுக்குப் பங்கு உண்டு. மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற கேள்வி மிச்சமிருந்ததால் 2018-இல் டி.எம்.கிருஷ்ணாவும் சேர்ந்து இன்னொரு பாட்டு வந்தது.

பாதரச ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. ட்ரோன் அதைப் படம் பிடிக்காது, செல்லோ அதை வாசிக்காது. 591 என்று சொல்ல ஒரு வாய் வேண்டும். இசைக்குள் பேச்சைக் கொண்டுவருவதற்கு இருக்கிற ஒரே நல்ல காரணம், இசையால் சொல்ல முடியாததைப் பேச்சு சொல்லும் என்பதுதான். அந்த ஒன்றையும் பறித்துக்கொண்டு ‘இன்னும் கொஞ்சம் ரிவெர்ப் போடு’ என்றால், மலையில் யாருமே இல்லாத மாதிரி ஒரு படம்தான் மிஞ்சும். ஆதி இயற்கை என்று நாம் உருகும் அந்த பைன் காடுகூட வெள்ளைக்காரர் காலத்தில் நட்டதுதான். சோலையும் புல்வெளியும்தான் இந்த மலையின் சொந்தச் சொத்து.

“இப்படியாவது பசங்க கவிதை பக்கம் வர்றாங்களே” என்பார்கள். வரட்டும். ஆனால் கவிதை என்றாலே மெதுவாக, சோகமாக, தனியாக இருப்பது என்று நம்பிக்கொண்டு வருவார்கள். வசவு, கிண்டல், பேரம், கோபம் எதுவும் அந்த வயலினுக்கு ஒத்துவராது. கவிஞர்களும் அதற்கேற்ப எழுத ஆரம்பித்துவிட்டார்கள். இலை, மழை, வெளி, நீ. எதையும் எங்கேயும் மாற்றி வைக்கலாம்.

நான் கேட்பது சின்ன விஷயம். முதலில் குரலை மட்டும் பதிவு செய்யுங்கள், இசை இல்லாமல், சாதாரணக் குரலில். அது தனியாக நிற்கிறதா என்று கேளுங்கள். நிற்காவிட்டால் ஐம்பது வயலினும் தூக்கி நிறுத்தாது. நின்றால், இசையமைப்பாளர் அதற்குப் பதில் சொல்லட்டும், எதிர்த்தும் பேசட்டும். மலைப்பாதை பஸ்ஸின் ஹாரனை அழிக்காமல் விடுங்கள்.

2018-இல் பூத்த குறிஞ்சி அடுத்து 2030-இல் பூக்கும். அந்த வருஷம் எத்தனை ட்ரோன் ஏறும், எத்தனை ‘நீல மௌனம்’ வெளிவரும் என்று இப்போதே சொல்லிவிடலாம். குறிஞ்சி பூக்கும் புல்வெளியை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சீகை மரம் எப்படித் தின்றுகொண்டிருக்கிறது என்று அதில் ஒன்றாவது, கிசுகிசுக்காமல், வாய்விட்டுச் சொல்லட்டும்.