பொன்னாடை போர்த்துறதுக்கு முன்னாடி ஒய்.பி.கிட்ட மூணு கேள்வி

உபயக்காரர் பட்டியலும் வெள்ளிக்கிழமை பூஜை நேரமும் நாளைக்குத் தனியா போடுறோம். இது வேற விஷயம், கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

திருநங்கைகளை வெளிப்படையாக எதிர்ப்பவர்களைப் பற்றி இந்தப் பதிவு இல்லை. அவங்க நிலைப்பாடு ஊருக்கே தெரியும். "நாங்க உங்க பக்கம்" என்று சொல்லி ஓட்டு வாங்கினவங்களைப் பற்றித்தான் பேசுறோம். நம்ம கோயில் திருவிழாவில் மாலை வாங்கிக்கொள்பவர்களும் பெரும்பாலும் அவங்கதான்.

2018 மே 9ஆம் தேதி நாடே விடிய விடிய முழிச்சிருந்தது ஞாபகம் இருக்கா? ஆட்சி மாறுது, மனித உரிமைக்கு இனிமே மரியாதை இருக்கும்னு எல்லாரும் நம்பினாங்க. மூணே மாசம். ஆகஸ்டில் ஜார்ஜ்டவுன் விழாவில் ஒரு புகைப்படக் கண்காட்சி. ஜாலூர் கெமிலாங் கொடியோடு நிற்கும் மலேசியர்களின் படங்கள் அதில் இருந்தன. திருநங்கை செயற்பாட்டாளர் நிஷா ஆயுப் படமும் பாங் கீ தெய்க் படமும் இறக்கப்பட்டன. இறக்கச் சொன்னது பாஸ் கட்சி இல்லை. புதிய கூட்டணி அரசின் சமய விவகார அமைச்சர். நடந்த இடம் ஜசெக ஆளும் பினாங்கு. நிஷா யார்? 2016இல் அமெரிக்க அரசு துணிச்சல்மிக்க பெண்களுக்கான அனைத்துலக விருது கொடுத்துக் கௌரவித்தவர். வெளிநாட்டில் விருது, சொந்த நாட்டில் சுவரில் ஒரு படத்துக்கு இடமில்லை. அதே மாசம் சிரம்பானில் ஒரு திருநங்கையை ஒரு கும்பலே சேர்ந்து அடிச்சுப் போட்டது.

ஐந்து வருஷம் கழிச்சு, 2023 ஜனவரியில், தன் நிர்வாகம் எல்ஜிபிடியை அங்கீகரிக்காது என்று பிரதமர் அன்வார் சொன்னார். அந்தக் கூட்டணியில் 40 நாடாளுமன்ற இடம் வைத்திருக்கும் கட்சியில் நம்ம ஆளுங்களும் இருக்காங்க. எங்க காதுக்கு எட்டும்படி யாரும் மறுத்துப் பேசல.

கேட்டா ஒரே பதில்: "இது இஸ்லாம் சம்பந்தப்பட்ட விவகாரம், சென்சிட்டிவ். நாம தலையிட முடியாது."

இந்தப் பதிலைத்தான் நாங்க ஏத்துக்க மாட்டோம். நம்ம கோயிலில் பூ கட்டுற, பால்குடம் எடுக்கிற திருநங்கைகள் இந்துக்கள். ஷரியா நீதிமன்றத்துக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்லை. அவங்களை ரோட்டில் நிறுத்திப் பிடிக்கும்போது போலீஸ் எடுக்கிறது 1955ஆம் ஆண்டு சிறு குற்றங்கள் சட்டத்தின் 21ஆம் பிரிவு, அதாவது அநாகரிக நடத்தை. எது அநாகரிகம்னு முடிவு செய்றது பிடிக்கிறவர். இது சிவில் சட்டம், நாடாளுமன்றத்தின் அதிகாரத்தில் வருவது. திருத்துவதற்கு எந்த முஃப்தியிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஐசி விஷயமும் அப்படித்தான். தேசியப் பதிவுத் துறை உள்துறை அமைச்சின் கீழ் வருது. 2005இல் ஒரு திருநங்கைக்கு ஐசியில் பாலினத்தை மாற்றித் தரச் சொல்லிக் கோலாலம்பூர் உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஈப்போவில் அதற்கு நேர்மாறான தீர்ப்பு. 2016இல் கோலாலம்பூரில் ஒரு திருநம்பி ஜெயித்தார். பதிவுத் துறை மேல்முறையீடு செய்தது, 2017இல் அந்தத் தீர்ப்பு கவிழ்ந்தது. நீதிபதிக்கு நீதிபதி மாறிக்கொண்டிருக்கும் ஒன்றைச் சட்டம் போட்டுத் தெளிவாக்க வேண்டியது யார் வேலை? நாம தேர்ந்தெடுத்து அனுப்பினவங்க வேலைதானே?

ஐசியில் ஒரு எழுத்து என்னய்யா பெரிசுன்னு கேட்கிறவங்களுக்கு: வாடகை வீடு, வங்கிக் கணக்கு, ஆஸ்பத்திரி வார்டு, வேலை நேர்காணல், எல்லாத்துக்கும் அந்த அட்டையைத்தான் நீட்டணும். நீட்டும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் முகம் மாறும். வேலை கிடைக்காது. அப்புறம் "இவங்க ஏன் இந்தத் தொழிலுக்குப் போறாங்க" என்று நாமே பேசுவோம்.

போன திருவிழாவில் நடந்ததைச் சொல்றோம், பேர் வேண்டாம். மேடையில் ஒரு ஒய்.பி. சிவனே அர்த்தநாரீஸ்வரர், திருநங்கைகள் நம் சகோதரிகள் என்று உருக்கமாகப் பேசினார். நல்ல கைத்தட்டல். இறங்கி வரும்போது, விடியற்காலையிலிருந்து அன்னதானத்துக்குக் காய் நறுக்கிய ஒரு திருநங்கை அவரிடம் ஐசி பற்றிக் கேட்டார். "இப்ப நேரம் சரியில்லம்மா, ஆபீஸுக்கு ஒரு கடிதம் போடுங்க." கடிதம் போட்டாச்சு. இந்தத் திருவிழாவும் வந்துடுச்சு, பதில் வரல. அர்த்தநாரீஸ்வரரை மேடையில் கூப்பிடுவது சுலபம். அவர் வந்து பதிவுத் துறையில் வரிசையில் நிற்கப் போறதில்லையே!

கோயிலில் அரசியல் வேண்டாம்னு சிலர் கமெண்ட் போடுவீங்க. சந்தோஷம். அப்ப மாதிரி காசோலையைப் பிடிச்சுக்கிட்டு படம் எடுக்கிறதையும், இடைத்தேர்தல் வந்தா மட்டும் கொடிமரத்துக்கிட்ட நிற்கிறதையும் நிறுத்தச் சொல்லுங்க. அவங்க அரசியல் உள்ளே வரலாம், நம்ம கேள்வி வெளியே நிற்கணுமா?

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. ரொம்ப நெருக்கினா இந்த அரசு விழும், பாஸ் வரும், அப்ப திருநங்கைகள் நிலை இன்னும் மோசமாகும் என்கிறார்கள். பயம் பொய்யில்லை. 2021இல் பெரிக்காத்தான் ஆட்சி நடந்தபோதுதான் நூர் சஜாட் மீது ஷா ஆலாம் ஷரியா நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. அவர் நாட்டை விட்டே ஓடி ஆஸ்திரேலியாவில் தஞ்சம் புகுந்தார். ஆனா கண்காட்சியில் படம் இறங்கினது எந்த ஆட்சியில்? இந்தப் பயத்தைக் காட்டியே ஒவ்வொரு தேர்தலிலும் ஓட்டு வாங்கலாம், எதுவும் செய்ய வேண்டியதில்லை என்ற கணக்கு அவங்களுக்கு நல்லாவே தெரியுது. 21ஆம் பிரிவை வைத்துத் தொல்லை கொடுக்காதே என்று போலீசுக்கு உள்துறையிலிருந்து ஒரு சுற்றறிக்கை அனுப்பினா எந்த அரசும் கவிழாது.

இதுவரைக்கும் துணிஞ்சு நின்றது யார் என்றும் பாருங்க. நெகிரி செம்பிலான் ஷரியா சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டவர்கள் மூன்று முஸ்லிம் திருநங்கைகள். 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்தார்கள். அடுத்த வருஷம் கூட்டரசு நீதிமன்றம் நடைமுறைக் காரணம் சொல்லி அதை ரத்து செய்தது. இழக்க ஒன்றுமே இல்லாதவர்கள் அத்தனை தூரம் போனாங்க. சம்பளம், கார், பாதுகாப்பு எல்லாம் உள்ளவங்களுக்கு ஒரு அறிக்கை விட நேரம் சரியில்லையாம்.

நம்ம வீட்டையும் பார்க்கணும். சில கோயில்களில் காவடி எடுக்க வரும் திருநங்கையை ஆண்கள் வரிசைக்கும் பெண்கள் வரிசைக்கும் நடுவில் அலையவிடுறாங்க. உடை மாற்ற இடம் கேட்டா முறைக்கிறாங்க. நிர்வாகத்துக்கு எங்க வேண்டுகோள் சின்னதுதான்: பெண்ணாக வாழ்பவர் பெண்கள் வரிசையில் நிற்கட்டும். இதுக்கு நாடாளுமன்றம் தேவையில்லை, ஒரு செயலவைக் கூட்டம் போதும்.

இப்ப விஷயத்துக்கு வர்றோம். இந்த வருஷம் பொன்னாடைக்கு அழைக்கப்படும் ஒவ்வொரு ஒய்.பி.க்கும், அழைப்பிதழோடு ஒரு கடிதம் போகும். அதில் மூணு கேள்வி. 21ஆம் பிரிவைத் திருத்தக் கோரி நாடாளுமன்றத்தில் பேசுவீங்களா? ஐசியில் பாலின மாற்றத்துக்கு, குறைந்தபட்சம் முஸ்லிம் அல்லாதவர்களுக்காவது, எழுத்துபூர்வமான நடைமுறை கேட்பீங்களா? உங்க கூட்டணித் தலைவர்கள் திருநங்கைகளைப் பற்றி இழிவாகப் பேசினா பேர் சொல்லிக் கண்டிப்பீங்களா? பதிலை அப்படியே இந்தப் பக்கத்தில் போடுவோம். பதில் வராட்டி அதையும் போடுவோம்.

கடிதத்தில் கையெழுத்துப் போட விரும்புகிறவர்கள் வெள்ளிக்கிழமை மாலை பூஜை முடிஞ்சதும் அர்ச்சனைச் சீட்டு மேசைக்குப் பக்கத்தில் வாங்க. பேனா நாங்க வச்சிருப்போம்.