பெயரை அறிவோம், நூலை?
எகிப்தில் ஹுதா ஷஃராவி 1923இல் பெண்ணியச் சங்கம் நிறுவியதை வியந்து பேசுகிறோம். புதுப்பட்டினத்துக்காரர்களாகிய நமக்கு அண்மையிலுள்ள செங்கற்பட்டில், 1929 பிப்ரவரியில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை கோரியதை மறந்துவிடுகிறோம். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்பது தமிழகத்தில் சட்டமானது 1989இல்தான்.

அவ்வியக்கத்தில் உழைத்தவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். தேவதாசி வீட்டில் வளர்ந்த அவர், அம்முறையின் கொடுமையை ‘தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்’ என்னும் நாவலாக 1936இல் எழுதினார். அதை ஒழிக்கும் சட்டம் வந்தது 1947இல். இன்று பலருக்கும் அவர் பெயர் ஓர் அரசு உதவித் திட்டத்தின் பெயர், அவ்வளவே.

பிரசார நாவல் என்று இலக்கிய வாசகர்களாகிய நாமும் அதை ஒதுக்கிவிட்டோம். கலைக்குறைகள் உண்டு; மறுக்கவில்லை. ஆயினும் அனுபவித்தவரே எழுதிய சாட்சியம் அது. அதைப் படிக்காமல் தமிழ் நாவல் வரலாறு பேசுவது நமக்கு அழகன்று.